பென்சிலில் மூவர்

காற்று ஒன்பதாம் எண்ணைத் தொட்டுவிட்டதாம்,
அரன்மோர் படகு இன்றும் ஓடாது.
டிக்கெட் அறையில் ஹீட்டர், நான், மாலக்கி,
சாம்பல் நிறக் கம்பளி நூல் ஒரு கண்டு.

படகு வடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு
பிரித்து முறுக்கி இணைப்பேன், பதினோரு வருடப் பழக்கம்.
இந்த ஆறு கண்ணிகளோ
காலையிலிருந்து நான்கு முறை அவிழ்க்க வைத்துவிட்டன.

மூன்றை ஊசியிலிருந்து இறக்கு,
முன்னால் நிறுத்து,
அடுத்த மூன்றைப் பின்னு,
பிறகு நின்றவற்றைக் கூப்பிடு.
அவ்வளவுதான் என்கிறது காகிதம்.
நிறுத்திவைக்கும் குட்டி ஊசி
நேற்றே பலகை இடுக்கில் போய்விட்டது.
ரசீது எழுதும் பென்சிலில்
தொங்குகின்றன மூன்றும்,
பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி.

இழுத்தால் இறுகுகிறது. விட்டால் ஓட்டை.
"வலையா, சட்டையா?" என்கிறான் மாலக்கி.
எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு
துணியிலிருந்து எழுந்தது முதல் முறுக்கு.
தடவிப் பார்த்தேன்.
மேடு. நிஜமான மேடு.

எட்டு வரிசை கழித்து இன்னொன்று,
மேலும் எட்டு கழித்து இன்னொன்று.
அப்புறம்தான் கண்ணில் பட்டது:
நடுவிலுள்ளதைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்,
மற்ற இரண்டும் இடப்பக்கம் சாய
அது மட்டும் வலப்பக்கம்.

படகு வடமென்றால் அறுத்துப் போட்டிருப்பேன்,
அதில் ஆட்கள் தொங்குவார்கள்.
இது தொங்கப்போவது என் கழுத்தில்.
கிடக்கட்டும்.

பணம் திரும்பக் கேட்டு
யாரோ கதவைத் தட்டினார்கள்.
மாலக்கி பென்சிலுக்குக் கை நீட்டினான்.
"தொடாதே," என்றேன்,
"மூணு பேர் காத்திருக்காங்க."