ஒன்று என்றால் ஆம்

மேசைக்கு அடியில் இருப்பது நான்.
கறுப்புத் துணிக்குள் முழங்கால் மடக்கி,
விரல் முட்டியில் ஒரு தகரப் பூண்.
பகலில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற அதே விரல்.

நாடகத்தில் வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
இடம் ஏற்காடு, காப்பித் தோட்டத்து பங்களா.
ஆவிகளோடு பேசும் அமலோற்பவத்துக்கும்
ஜாலவித்தை ரத்தினசபாபதிக்கும் வாதம்.
நடுவர் ஒரு துரை. பாதியில் தூங்கிவிடுவார்,
அதற்கு அம்மாபேட்டை நன்றாகச் சிரிக்கும்.

அவள் கேட்பாள், நான் தட்டுவேன்.
ஒன்று என்றால் ஆம். இரண்டு என்றால் இல்லை.
மூன்றாம் காட்சியில் வித்தைக்காரர்
துணியை உருவி என்னைக் காட்டுவார்:
"பாருங்கள் மகாஜனங்களே, பரலோகம்
பீடி நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறது!"
கைதட்டல்.
அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு முகம் உண்டு.

வித்தைக்காரராக நடிப்பவர் குப்புராஜ், எல்.ஐ.சி. முகவர்.
அமலோற்பவம், ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் பரிமளா.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
கழன்று விழுந்த பூணைத் தேடி
நான் மறுபடி துணிக்குள் போயிருந்தேன்.
யாரோ மேடையேறி வரும் சத்தம்.
"பொய்யின்னு தெரியுங்க. இப்பத்தான காட்டுனாங்க.
இருந்தாலும் ஒரு தடவ கேட்டுச் சொல்லும்மா.
என் பையன். பைக்குல போனவன். பதினாலாவது வளைவு."

பவுடர் பாதி துடைத்த முகத்தோடு நின்றிருப்பாள் பரிமளா.
அவளுக்கு வசனம் இல்லை.
அந்தம்மா மேசைமேல் கை ஊன்றினாள்;
என் தலைக்கு மேலே பலகை முனகியது.
"அங்க குளுருதா கண்ணு?"

துணியின் கிழிசலில்
குப்புராஜின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
ஒவ்வோர் ஆட்டத்திலும் என்னைப் பிடித்துக் கொடுக்கும் கால்.
அது சத்தமில்லாமல் என் பக்கம் திரும்பி
நுனியை உயர்த்தி
ஒருமுறை.
இன்னொரு முறை.

தட்டினேன். பூண் கிடைக்கவில்லை, வெறும் எலும்பு.

"சரி" என்றாள். "சுவெட்டர் எடுக்காம போயிட்டான், அதான்."
கொஞ்ச நேரம் பொறுத்து,
"ஏன்டா அவ்வளவு வேகம்?"

அதற்கு எத்தனை முறை தட்டுவதென்று
நாடகத்தில் எழுதியிருக்கவில்லை.

ஞாயிறன்று துணியை உருவ வேண்டிய இடத்தில்
குப்புராஜ் கை நீட்டியபடி நின்றுவிட்டார்.
நானே விலக்கிக்கொண்டு எழுந்தேன்.
பீடி வசனத்துக்கு
எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள்.