நல்ல பழுது

பதினெட்டு வருசமாய்
துடிக்கிற விளக்கைத் துடிக்காமல் வைப்பதே என் வேலை.
உப்புவெளிக் கரையில் இந்த ஹோட்டலின்
நாற்பத்திரண்டு அறைகளிலும்
இமைக்கிற ரியூப் லைற்றுக்குக் கீழே
ஏணி வைத்து நின்றிருக்கிறேன்.

இப்போது மனேஜர் சொல்கிறார்:
"பிரதாபன், முப்பத்தோராம் திகதி ஹலோவீன்.
பழைய லொன்றி அறையைப் பேய்வீடாக்க வேணும்.
லைற்றெல்லாம் விட்டு விட்டு எரிய வேணும்.
செலவு வையாதையும்."

செலவு வைக்கவில்லை.
குப்பை வாளிக்குள் கையை விட்டேன்.
கழற்றி எறிந்த ஸ்ராட்டர்கள் பதினொன்று.
ஒவ்வொன்றாய் மாட்டினேன்.
சில அசையவே இல்லை.
சில வெட்கமில்லாமல் நன்றாகவே எரிந்தன
(இவற்றை எறிந்த மடையன் யார்? நான்தான்).
ஒன்று மட்டும்
இரண்டு இமைப்பு, ஒரு நீண்ட யோசனை,
பிறகு மூன்று இமைப்பு என்று
எதையோ சொல்ல வந்து விழுங்கியது.
அதைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன்.

றிஸ்மி கிண்ணியாவிலிருந்து
காய்ந்த பேத்தை மீன் நாலு கொண்டுவந்தான்.
ஊதின வயிறு, முள்,
செத்தும் கோபம் ஆறாத வாய்.
வயிற்றைக் கீறிப் பச்சை லைற் வைத்தோம்.
"திண்டாத்தான் மௌத்து,
பாத்தாலுமா?" என்றான்.

நிலாவெளியில் பொறுக்கிய ஊமல் கொட்டைகளுக்குத்
தலைமயிர் ஒட்டத் தேவையில்லை.
ட்ரில்லால் இரண்டு கண்.
மூன்றாவது துளை கை தவறி விழுந்தது;
மூக்கென்று வைத்துக்கொண்டோம்.

தங்கூசி வலையைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு
நடுவில் சிவப்புத் தாள் சுற்றிய மின்குமிழ்.
வலையில் இன்னும் உப்பு இருந்திருக்க வேண்டும்.
சூடேற ஏற அறை முழுக்கக் கடல் மணத்தது.
அது திட்டத்தில் இல்லாதது.

பாலையூற்று ஜெசிந்தா
துவாய்க் கட்டோடு போனவள் வாசலில் நின்றாள்.
"நாளையிண்டைக்குக் கல்லறைத் திருநாள், அண்ணை.
நாங்கள் அவையளுக்கு விளக்கு வைக்கிறது
வழி தெரியட்டும் எண்டு."
வேறொன்றும் சொல்லவில்லை.
போகும்போது ஒரு மீனை மட்டும்
சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

அன்றிரவு மழை. சீசன் முடிந்த கிழக்கு.
ஐந்தே பேர் வந்தார்கள்:
போலந்துக் கணவன் மனைவி, அவர்கள் மகள்,
கண்டியிலிருந்து ஒரு தேனிலவுச் சோடி.
சிறுமி பேத்தை மீனின் வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.
சோடி ஊமலோடு செல்ஃபி எடுத்தது.
யாருமே பயப்படவில்லை.

பிறகு கரண்ட் போனது.

என் பேய்கள் அத்தனையும் ஒரே நொடியில் செத்தன.
இருட்டில் கடல் மட்டும்
மதிலின் அந்தப் பக்கம் வந்து நிற்பது போல.
இந்த மதில் இரண்டாயிரத்து ஐந்தில் கட்டியது.
அதற்கு முந்திய மதில் எங்கே என்று
விருந்தினருக்கு நாங்கள் சொல்வதில்லை.
ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.
தேனிலவுக்காரி. ஆள் மாறிப் பிடித்தது
அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். நான் விடவில்லை.

ஜெனரேற்றர் இருமி எழுந்தது.
முதலில் உயிர்த்தது அந்த ஸ்ராட்டர்தான்:
இரண்டு இமைப்பு, யோசனை, மூன்று.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவள் என்னைப் பார்த்துக் கையை உதறினாள்.

பதினொன்றரைக்கு ரிசெப்ஷனில் இருந்து அழைப்பு.
பதினேழாம் அறை, போலந்துக்காரர்.
குளியலறை லைற் விட்டு விட்டு எரிகிறதாம்.
பிள்ளை அழுகிறதாம்.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
மழைக்குள் நடந்தேன்.
புது ஸ்ராட்டர் மாட்டினேன்; வெளிச்சம் நிலைத்தது.
கழற்றிய பழையதைக்
குப்பையில் போடத்தான் கை வரவில்லை.