மூன்று யூனிட்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் கடை மாடி.
ஆறு பேர், எட்டு நாற்காலி,
மைக்குக்குப் பதில் ஒரு டார்ச் லைட்.

"பஞ்ச் சொன்னதும் வாயை மூடிரணும்,
நீங்களே சிரிக்கக் கூடாது"
என்றான் டெரன்ஸ்.
மாமியார் ஜோக்குக்குத் தடை.

நான் மின்வாரியம். மீட்டர் கணக்கெடுப்பு.
கானாடுகாத்தானில் அறுபது அறை வீடு,
இரண்டு மாதத்துக்கு மூன்றே யூனிட்.
எழுதி எழுதி மனப்பாடம் செய்த இடம் அது.
ஒருத்தரும் அசையவில்லை.
ஃபேன்தான் கொஞ்சம் கிறீச்சிட்டது.

பதறிப்போய்ச் சொன்னேன்:
"எங்க வீட்டுல ஒரே ரூம்தான்.
அவர் போனப்புறம்
பில்லு பாதியாயிருச்சு."

சிரித்தார்கள்.
அடகுக்கடை வயிரவன் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்,
சொல்லிக்கொடுத்தபடி.