அம்மா சாகாத புத்தகம்

புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை.
பீல் நகர நூலகத்தின் இளையோர் பகுதியில்
இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் பிரெஞ்சு,
நடுவில் நான்,
புது நாவல்களுக்குச் சிபாரிசுச் சீட்டு எழுதிக்கொண்டு.

மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. முடிவைச் சொல்லக்கூடாது.
'விறுவிறுப்பான' என்ற சொல் மாதத்துக்கு ஒருமுறைதான்;
அது மட்டும் எனக்கு நானே போட்ட சட்டம்.

இலிர் வந்தான். பதினொரு வயது.
அட்டைப்படத்து நாயைக் காட்டி, இது சாகுமா என்றான்.
விதியை மீறினேன்: சாகாது, ஒரு கால் மட்டும் நொண்டும்.
எந்தக் கால் என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான்
எடுத்துப் போனான்.

அவனுக்குப் பின்னால் டிலுக்சிகா,
மழையங்கியைக் கழற்றாமல்.
ஜெர்மனில் கேட்டிருக்கலாம். பிரெஞ்சிலும் கேட்பாள்.
சுற்றியிருந்த யாருக்கும் விளங்கக்கூடாதென்று
தமிழில் கேட்டாள்:
"அம்மா சாகாத புத்தகம் இருக்கோ?"

திரும்பிப் பார்த்தேன்.
கடலுக்கடியில் ரயில் ஓட்டும் சிறுமி:
தாய் முதல் பக்கத்திலேயே இல்லை.
ஏரி ஒன்று ஒரே இரவில் காணாமற்போகும் கதை:
மூன்றாம் அத்தியாயம், விபத்து.
துப்பறியும் இரட்டையர், இதுவரை ஐந்து பாகம்,
ஐந்திலும் தாய் சுவரில் படமாக.
பேய்களுக்குக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரப் பெடியன்:
முதல் கடிதம் யாருக்கென்று
சொல்லத் தேவையில்லை.
எல்லாவற்றுக்கும் நானே எழுதியிருந்தேன்
'மனதைத் தொடும்' என்று,
ஒரே பேனையால்.

எழுதுகிறவர்களில் பிழை சொல்ல ஏலாது.
அம்மா வீட்டில் இருந்தால்
நடுச்சாமத்தில் ட்ராகனோடு யார் வெளியே விடுவாள்?
சாப்பிட்டியா, சொக்ஸ் போட்டியா, எத்தனை மணிக்கு வருவாய்;
மூன்று கேள்வியில் கதை முடிந்துவிடும்.
அதுதான் கதை முந்திக்கொள்கிறது.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.
மழைத்தண்ணீர் அவள் கைநுனியிலிருந்து
கம்பளத்தில் சொட்டியது. அதைத்தான் இருவரும் பார்த்தோம்.

கடைசியில் தள்ளுவண்டியில் கிடந்தது,
மெல்லியதொன்று. அட்டைப்படம் அவலட்சணம்.
நீச்சல்குள வாசலில் டிக்கெட் கொடுக்கும் தாய்,
அதே குளத்தில் நீந்தப் பழக வெட்கப்படும் மகன்.
மந்திரம் இல்லை. யுத்தம் இல்லை. நானே இரண்டு தரம் நித்திரையானேன்.
"எண்பதாம் பக்கத்தில் அம்மாவுக்குத் தடிமன்," என்றேன்,
பொய் சொல்லக்கூடாதே.

"தடிமன்?"

"தும்மல், தலையிடி. எண்பத்துநாலில் சுகம்."

நின்றபடியே எண்பத்துநாலைப் புரட்டினாள்.
பிறகு கடைசிப் பக்கம்.
அங்கே அந்தத் தாய் கத்திக்கொண்டிருக்கிறாள்,
ஈரத் துவாயைப் பைக்குள் வைக்காதே என்று.
டிலுக்சிகா அந்த வரியை விரலால் ஒருமுறை தொட்டாள்.
நூலக அட்டையை நீட்டினாள்.

நாலு கிழமை. ஒரு தரம் தவணை நீட்டினாள்,
அடுத்த தரம் நீட்டவில்லை.
நினைவூட்டல் கடிதத்தை அச்சடித்தேன்,
அனுப்பாமல் லாச்சிக்குள் வைத்தேன்.
வைத்தியசாலைப் பக்கம் போகும் பேருந்தில்
அதே மழையங்கியைக் கண்ட மாதிரி இருந்தது.
கண்ணாடி முழுக்க ஆவி.
அவளாக இல்லாமலும் இருக்கலாம்.

பிறகொரு திங்கள் காலை, இரவுப் பெட்டிக்குள்
நொண்டி நாய்க்கும் ஒரு சமையல் புத்தகத்துக்கும் நடுவில்
அது வந்து கிடந்தது. உள்ளே ஒரு சீட்டு,
என்னுடையதைப் போலவே மூன்று வரி:

கதை கொஞ்சம் அலுப்பு.
அம்மா கடைசிவரை இருக்கிரா.
இன்னொண்டு வேணும்.

றகரம் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம். திருத்தவில்லை.
என் சீட்டைக் கழற்றிவிட்டு
அதையே ஒட்டினேன்.

இன்னொன்று.
புதிதாய் வந்த பெட்டியை உடைத்தேன்.
அட்டையும் பின்குறிப்பும் பார்க்காமல்
ஒவ்வொன்றாக எடுத்து
எண்பதாம் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.