உப்புநீர்க் குழு

எடையைக் கடைந்து தந்தவர் பேட்டை காசிம் மைதீன்.
நானூற்றைம்பது கிராம், பித்தளை.
"தராசுக்காம்மா?" என்றார்.
எலிக்கு என்றேன்.
சிரித்துவிட்டு
அடிவிளிம்பை இன்னொருமுறை
அரத்தால் மழுக்கிக் கொடுத்தார்,
குத்தாம விழட்டும் என்று.

ஒரு மீட்டர் குழாய்.
கீழே சோபாக்கடை ஸ்பான்ஞ்.
அதன்மேல் மயக்கத்தில் ஓர் எலி,
மண்டையில் பொட்டளவு இரும்புத் தகடு.
நூலை விட்டால்
அரை நொடிகூட ஆகாது.

முப்பதாவது நிமிடம் ஊசி.
'அ' ஒட்டிய குப்பி, 'ஆ' ஒட்டிய குப்பி.
ஒன்றில் மருந்து, ஒன்றில் உப்புநீர்.
எது எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்த காகிதம் உறைக்குள்,
உறை பேராசிரியரின் பீரோவுக்குள்.

கூண்டறை உச்சிமாகாளிக்கு
உறையும் வேண்டாம் பீரோவும் வேண்டாம்.
"ஆ-காரன் தீவனத்தத் தேடி வாரான்.
அ-காரன் மூலையப் பாத்து நிக்கான்.
இதுக்கு எதுக்கும்மா மூணு வருசம்?"

பாதியாய் அறுத்த தண்ணீர்த் தொட்டி.
பால்பவுடர் கலக்கி வெளுத்த நீர்.
விரற்கடை ஆழத்தில் ஒளிந்திருக்கும் மேடை.
சுவரில் ஒரு வட்டம், ஒரு முக்கோணம்,
போன வருடத்து நகைக்கடைக் காலண்டர்.
காலண்டரைப் பார்த்தே கரையேறிய எலிகள் உண்டு.
பத்தொன்பது நொடி, இருபத்திரண்டு நொடி.
மற்றவை சுவரை ஒட்டிச்
சுற்றிச் சுற்றி வரும்.
தொண்ணூறில் கடிகாரத்தை நிறுத்தி
நானே கைவிட்டு எடுப்பேன்.
துண்டுக்குள் அதன் நெஞ்சு
தையல் மிஷின்போல ஓடும்.

ஆனித் தேருக்கு முந்தின இரவு
பைபாஸில் விழுந்து கிடந்தார் காசிம் மைதீன்.
ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின்மேல் இருந்திருக்கிறது.
எப்போது விழுந்தார், தெரியாது.
நாலு மணிக்குப் பால்வண்டிக்காரன் பார்த்தான்.

என் எலிகள் எல்லாம் ஒரே வயது, ஒரே எடை,
ஒரே உயரத்து அடி,
அடிபட்ட நொடி நோட்டில் இருக்கிறது.
இவருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு,
சட்டைப்பையில் எடுக்காத ஏழு அழைப்புகள்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்
செய்யதலி பாத்திமா என் கையைப் பிடித்தார்.
"மண்டையடிக்குத்தான மருந்து பாக்கிய?
கொஞ்சம் குடுத்தா என்னம்மா?"

மனிதருக்கு இன்னும் அனுமதி இல்லை என்றேன்.
சொல்லாமல் விட்டது இது:
எலியைக் காத்த மருந்துகள் எத்தனையோ
இதுபோன்ற ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கின்றன.
வாசலில் செருப்பைக் கழற்றியதோடு சரி.

அவர் தலைமாட்டில் தொங்கிய பாட்டிலை வாசித்தேன்.
உப்புநீர்.

ஆவணியில் உறையைப் பிரித்தோம்.
மருந்து 'ஆ'.
உச்சிமாகாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை,
கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
காலிக் கூண்டுகள்.
மூளையைச் சீவிச் சாயமேற்றிப் பார்க்க
'அ' என்றும் 'ஆ' என்றும் பார்ப்பதில்லை,
இருபத்தோராம் நாள் எல்லாம் போயின.
கட்டுரையில் அதற்கு ஒரு வரி.

ஐப்பசியில் பேட்டைக்குப் போனேன்.
பட்டறை பூட்டியிருந்தது.
அவர் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்,
எட்டே வீடு தள்ளி.
டிரான்ஸ்பார்மர் அருகே நின்றார்.
இடப்பக்கச் சுவரை ஒட்டி
மறுபடி டீக்கடைவரை போனார்.
ஓடிப்போகப் பார்த்த என்னைப்
பாத்திமா தடுத்தார்.
"பொறுங்க, வருவாக."
வாசலில் ஒரு சிவப்பு வாளி
கவிழ்த்து வைத்திருந்தது.
இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது இதை?

நாற்பது, நாற்பத்தொன்று என்று
எனக்குள் எண்ணிக்கொண்டிருப்பதை
எழுபதில்தான் கவனித்தேன்.
அதன்பின் எண்ணவில்லை.

வாளியைக் கண்டு நின்றார்.
என்னைக் கண்டும் நின்றார்.
"தராசுக்காரப் பிள்ளதானம்மா?
எட சரியா இருந்துச்சா?"

இருந்துச்சு பாய் என்றேன்.