அரை மில்லி

மொகோட்லோங்கில் விடியும் முன்பே பனி.
கணவாய்ச் சாலையை மூடிவிட்டார்கள்.
மசேரு இனி வெறும் தொலைபேசி எண்.

இரவெல்லாம் வலித்தும் இறங்காத குழந்தை.
மேசை விளிம்பில் மாபுலெங்,
முகவாயை நெஞ்சில் புதைத்து.
"சண்டைக்கு நிற்கிற பூனை மாதிரி முதுகை வளை."
சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்பில் எலும்புகளுக்கிடையே
ஒரு சந்து திறக்கிறது.
ஊசியின் வாலில் தெளிந்த நீர், ஒரு சொட்டு.
மருந்தைச் செலுத்துகிறேன்.

இனி அவசரம்.
படுக்கவைத்து, வலது இடுப்புக்கடியில்
ஆப்பு வைக்க வேண்டும்.
நுரைப்பஞ்சு ஆப்பு எங்கேயோ தொலைந்தது;
அவள் போர்த்தி வந்த கம்பளியையே
நாலாய் மடித்துச் செருகுகிறேன்.
மக்காச்சோளக் கதிர் போட்ட கல்யாணக் கம்பளி.
வயிறு இடப்பக்கம் சாய்கிறது.
அடியில் நசுங்கிக்கிடந்த பெருஞ்சிரை
நிமிர்ந்திருக்கும்.
நான் பார்த்ததில்லை. நம்புகிறேன்.

"கால் சூடாகிறது" என்கிறாள்.
தெரியும் அந்தச் சூடு.
ரத்தம் கால்களுக்குள் இறங்கி
வெயில் கண்ட ஆடு போலப் படுத்துக்கொள்ளும்,
மேலே வர மனமில்லாமல்.

சலைன் ஓடுகிறது.
சிரிஞ்சு பம்ப் மார்ச்சிலிருந்து பழுது.
என் கட்டைவிரல்தான் பம்ப்:
நிமிடத்துக்கு அரை மில்லி ஃபினைல்எஃப்ரின்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.
விழுந்த அழுத்தத்தைத் தூக்குவதல்ல வேலை.
விழவிடாமல் பிடிப்பது.
பிடித்ததற்குச் சாட்சி கிடையாது.
நடக்காததை யார் எழுதிவைப்பார்கள்?

ஒருமுறை எண் வரட்டும் என்று காத்திருந்தேன்.
அந்தப் பெண் கொட்டாவி விட்டாள்,
பிறகு வாந்தி,
பிறகுதான் திரையில் அறுபத்திரண்டு.
பிழைத்தாள். குழந்தையும்.
ஆனால் அந்தக் கொட்டாவி
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பன்னிரண்டு.
மாபுலெங்கின் உதடுகள்
கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகின்றன.
"தூக்கமா?"
"இல்லை, என்னவோ குமட்டுகிறது."
இயந்திரத்துக்கு முன்னால் விரல் முந்துகிறது.
கைப்பட்டை மறுபடி அவள் புயத்தை இறுக்குகிறது.
அறையில் யாரும் பேசவில்லை.
தொண்ணூற்றெட்டு.

இன்னும் அரை மில்லி.

நூற்றுப் பத்து.
துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் லெபூசா,
உப்பை எடுங்கள் என்பது போல:
"ஆரம்பிக்கட்டுமா?"

கல்யாணத்தன்று வைத்த பெயர் அது,
மா-புலெங், புலெங்கின் அம்மா.
புலெங் என்றால் மழையில்.
பிறக்காத ஒருத்திக்குத் தாயாக
மூன்று வருடம் சந்தைக்குப் போய் வந்தவள்.

பையன்.
அழுகை கூரைத் தகரத்தில் மோதுகிறது.
"அப்போ புலே" என்கிறாள் உடனே.
"வெளியே மழையில்லை, பனி" என்கிறாள் மருத்துவச்சி.
"அதுவும் மழைதான்.
கொஞ்சம் மெதுவாக வருகிறது, அவ்வளவே."

படிவத்தில் 'சிக்கல்கள்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுக்கிறேன்.
கட்டைவிரலில் சிரிஞ்சு பதித்த வட்டம்.
கம்பளியை உருவி
இருவர் மேலும் போர்த்தும்போது கேட்கிறாள்,
"என் கால்கள் எப்போது திரும்பி வரும்?"

"மத்தியானத்துக்குள்.
சாலைக்கு முன்னால் வந்துவிடும்."