பாதிக்குப் பாதி

இருநூற்றுப் பதினான்கு தட்டுகள்.
எண்ணியது நான்தான். கணக்கு என் பொறுப்பு.
ஒவ்வொன்றிலும் வான்கோழி ஒரு துண்டு, பன்றித்தொடை ஒரு துண்டு,
பீட்ரூட்டில் சிவந்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி,
கடுகில் மஞ்சளித்தது ஒரு கரண்டி.
எல்லாம் ஆறிய சாப்பாடு.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில் அப்படித்தான்:
யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்
ஊரே அடுப்பு மூட்டும், ஆறவைக்கும்,
தட்டு பதினைந்து டாலருக்கு வீடு வீடாய் விற்கும்.

ஹீபர் ரைடவுட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன.
ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நடை.
ஒரு நடைக்கு இரண்டு மணி நேரப் பாதை, பனியில் மூன்று.
வைத்தியத்துக்கு அரசாங்கம் கொடுக்கிறது.
வைத்தியம் வரை போய்ச்சேர யார் கொடுப்பது?

காலையில் டல்சி வந்து நின்றாள்,
ஹீபரின் மனைவி, கையில் சொந்தக் கத்தியோடு.
சமையலறை வாயடைத்தது.
யாருக்காக உரிக்கிறோமோ அவளே உரிக்க வந்தால்
என்ன சொல்வது?
"வீட்டில் சும்மா இருந்தால் கை நடுங்குது" என்றாள்.
மேவிஸ் ஒரு மூட்டையை அவள் பக்கம் தள்ளினாள்.
அவ்வளவுதான்.
அன்று எங்களில் மெல்லிய தோல் சீவியவள் அவள்தான்.

இரவு மண்டபத்தில் சீட்டுக் குலுக்கல்.
சீட்டு இரண்டு டாலர்; சேர்ந்ததில் பாதி ஜெயித்தவருக்கு,
பாதி ஹீபருக்கு.
சொல்வது அப்படி. நடப்பது வேறு.
ஜெயித்தவர் மேடையேறி, உறையை வாங்கி,
சிரித்து, திருப்பிக் கொடுத்துவிடுவார்.
எங்கும் எழுதி வைக்கவில்லை.
பாதிரியார் கொடுத்தார், பள்ளிப் பேருந்து ஓட்டும் வால்ட்டர் கொடுத்தான்,
போன வருடம் நான் கொடுத்தேன்,
கைதட்டல் காதில் இரண்டு நாள் இருந்தது.

நானூற்று ஏழு.
எல்டன் கீப்பிங்.
ஒரே ஒரு சீட்டு வாங்கியிருந்தான், இரண்டு டாலர் நாணயம் கொடுத்து.
ரப்பர் பூட்ஸ் தரையில் தேய வந்தான்.
எண்ணூற்று முப்பத்தாறு டாலர், உறைக்குள்.
எல்லோரும் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டோம்.

அவன் உறையைப் பார்த்தான்.
ஹீட்டர் ஓரம் போர்வைக்குள் இருந்த ஹீபரைப் பார்த்தான்.
"எனக்கு இது வேணும்."

யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.
தேநீர்க் கொதிகலன் முனகியது மட்டும் கேட்டது.
கதவருகே யாரோ ஒரு சொல்லைப் பல்லுக்குள் கடித்தார்கள்.

அப்போது ஹீபர்,
ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறாய்ப் புடைத்த இடக்கையால்,
மேசையைத் தட்டினான்.
ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.
அக்கார்டியனுக்குத் தாளம் போடுவதுபோல் விடாமல் தட்டினான்.
டல்சி சேர்ந்துகொண்டாள். மேவிஸ். பின்வரிசைப் பையன்கள்.
எல்லோரும் அல்ல.
நான் தட்டவில்லை.
கையில் பேனா இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

உண்மை இது:
குலுக்கலுக்கு முன்பே
முழுத் தொகையையும் வரவில் எழுதிவிட்டிருந்தேன்,
ஆயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு,
அழகான கையெழுத்தில்.
யார் ஜெயித்தாலும் அவர் பாதியை
அவரைக் கேட்காமலே கொடுத்து முடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்டன் வீட்டு முன்னால்
எண்ணெய் லாரி நின்றது.
குழாய் வெண்பனிமேல் கறுப்பாய் நீண்டு கிடந்தது.
அவன் படகை விற்றது ஐப்பசி வாக்கில்.
அதற்குப் பிறகு எத்தனை இரவு அந்த வீடு குளிர்ந்து கிடந்தது?
தட்டு எண்ணினேன், சீட்டு எண்ணினேன்,
அதை எண்ணவில்லை.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன்.
அழகான எண்ணின்மேல் கோடு போட்டேன், கோணலாக வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
பிறகு, உதவி வழங்கியது என்ற தலைப்பின் கீழ்
ரைடவுட் குடும்பம் என்று இருந்ததற்கு அடுத்த வரியில்,
கீப்பிங் குடும்பம் என்று எழுதினேன்.
எண்ணூற்று முப்பத்தாறு.
மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தேன்.